கதை எழுதப் புகும் நம் இளைஞர்களுக்கு



வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற சிறுகதைப் போட்டிக்கு வந்த கதைகள் அனைத்தையும் நாம் படித்தோம். ஆர்வத்திற்குக் குறைவில்லை. ஆயினும் பெரும்பாலான கதைகளில் ஒரே பண்ணையார் வருகிறார், மீசையை முறுக்குகிறார். ஏழை அழுகிறான். முடிவில் பட்டணத்தில் படித்த மகன் வந்து ஒன்றரைப் பக்கம் சொற்பொழிவாற்றுகிறான். சொற்பொழிவுக்கு இம்மேடை போதும். கதைக்கு வழி வேறு.

‘பண்ணையார் கொடியவர்’ என்று எழுதிவிட்டால் படிப்பவர் ஏன் நம்ப வேண்டும்? குத்தகை நெல்லை வாங்கும்போது மரக்காலைக் குவித்து அளந்தார், கூலி நெல்லைக் கொடுக்கும்போது தலைதட்டி அளந்தார் என்று எழுதிப் பாருங்கள். ‘கொடியவர்’ என்னும் சொல்லே வேண்டியதில்லை. களத்துமேட்டில் நின்று கூலி வாங்கிய நம் பாட்டிமாருக்கு இவ்வேறுபாடு நன்கு தெரியும்.

ஓர் இளைஞர் ‘பறை முழங்கியது’ என ஐந்து இடங்களில் எழுதியுள்ளார். அடிக்குமுன் வைக்கோல் தீயில் காட்டித் தோலை விறைப்பேற்றுவது, ஒரு கையில் தடித்த குச்சியும் மறுகையில் மெலிந்து நீண்ட குச்சியும் பிடிப்பது, ஈரக்காற்றில் தோல் தளர்ந்து ஓசை மழுங்குவது ஆகியவை ஓரிடத்திலும் இல்லை. பெரியவர்களிடம் கேட்டிருந்தால் ஒரு மாலைப் பொழுதில் சொல்லியிருப்பார்கள்.

நெடுங்காலம் நம்மைப் பற்றிப் பிறர் எழுதினர். அவற்றுள் பலவற்றில் நாம் இரக்கத்திற்குரியோராக மட்டுமே நின்றோம். தொழில் தெரிந்தவராக, நகைச்சுவை உடையவராக, சூழ்ச்சி அறிந்தவராக நிற்கவில்லை. நம் கையில் எழுதுகோல் வந்த பின்னும் அதே அழுகையைத்தான் எழுதுவோமாயின், நம் பிள்ளைகள் தம்மை எங்கே காண்பர்?

பூமணியின் ‘பிறகு’ 1979-இல் வெளிவந்தது. செருப்புத் தைக்கும் அழகிரி அதில் ஒரு முழு மனிதர். பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வந்தது. வீட்டிலும் தெருவிலும் பேசும் மொழியே அந்நூலின் மொழி. தேர்வுத்தாளில் இலக்கணத் தமிழ் எழுதுங்கள், மதிப்பெண் வேண்டுமே! கதையில் வரும் கிழவியின் வாயில் அதைத் திணிக்க வேண்டா.

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994-இல் வந்தபோது கண்டித்தோரும் உண்டு. சேரிக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியத்தின் துயரை அது சொல்கிறது. அவளுக்குச் சோறிடுவோரும் சோறு மறுப்போரும் நாமே. நம்மைப் புகழாத அந்நூலை நாம் அவசியம் படிக்க வேண்டும் என்பதே நம் கருத்து. பிறர் குற்றத்தை எழுதும் கை, நம் தெருவின் குற்றத்தில் தயங்கினால் படிப்பவர் கண்டுகொள்வர்.

போட்டிக் கதைகளைத் திருப்பித் தருகிறோம். இறுதிப் பக்கச் சொற்பொழிவை அடித்துவிட்டு, வீட்டு முதியவர் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். ‘அப்படி இல்லடா’ என்று அவர் குறுக்கிடும் இடங்களைக் குறித்துக்கொண்டு, திருத்திய படியை அடுத்த மாதக் கூட்டத்திற்குக் கொண்டு வாருங்கள்.