வங்கி வெட்டிய காசும் சிறு வழக்கு மன்றும்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



சில வாரங்களுக்கு முன் வெங்காயச் செய்கைக்காரர் ஒருவர் தமது வங்கிக் கணக்குக் கூற்றுடன் எம்மிடம் வந்தார். வியாபாரி அவருக்குக் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பியது. அதனை நம்பி அவர் உரக்கடைக்கு எழுதிக் கொடுத்த காசோலையும் திரும்பியது. திரும்பிய இரண்டுக்கும் வங்கி அவருடைய கணக்கிலேயே கட்டணம் வெட்டியிருந்தது. "ஐயா, காசில்லை எண்டு சொல்லித்தானே காசு வெட்டியிருக்கினம், இது எந்த ஊர் நியாயம்?" என்று அவர் கேட்டார்.

அவருக்கு நாம் உடனே விடை கூறவில்லை. கூறக்கூடிய விடை நேரானதாக இருக்கவுமில்லை. ஆனால் இதே கேள்வியை இங்கிலாந்திலே இலட்சக்கணக்கான மக்கள் 2005 முதல் 2009 வரை கேட்டார்கள். கேட்டதோடு நில்லாது நீதிமன்றப் படியும் ஏறினார்கள். அவர்கள் எப்படி வென்றார்கள், எப்படித் தோற்றார்கள் என்பதையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகின்றோம்.

இங்கிலாந்து வங்கிகளில் நடைமுறைக் கணக்கு வைத்திருப்போர், கணக்கிலே பணம் இருக்கும்வரை, சேவைக்கெனக் கட்டணம் எதுவும் செலுத்துவதில்லை. இலவசம் என்று அதற்குப் பெயர். பணம் குறைந்த அன்றுதான் வங்கியின் மறுமுகம் தெரியும். வீட்டு வாடகையோ மின்சாரப் பணமோ செலுத்தப்படாது திரும்பினால் ஒவ்வொன்றுக்கும் 30 பவுணுக்கு மேலும் வெட்டிய வங்கிகள் இருந்தன. ஓர் உதாரணம் கொள்வோம். ஒருவனுடைய சம்பளம் ஒருநாள் பிந்துகிறது. 10 பவுண் பெறுமதியான கொடுப்பனவுகள் மூன்று திரும்புகின்றன. 30 பவுண் கடமைக்கு 90 பவுண் தண்டம்! அந்தத் தொண்ணூறும் வெட்டப்படுவதால் அடுத்த மாதமும் கணக்கு வரண்டுபோகும். அடுத்த மாதமும் தண்டம் விழும். கிணறு வற்றியவனிடம் தண்ணீர்வரி அறவிடும் கதை இது.

மக்கள் முதலிலே பிடித்த ஆயுதம் மிகப் பழைய சட்டக் கோட்பாடு ஒன்று. உடன்படிக்கையை மீறியவன் தான் விளைத்த நட்டத்தை ஈடுசெய்யவேண்டுமேயன்றி, அவனை அச்சுறுத்துவதற்காக விதிக்கும் தண்டத்தைச் செலுத்தவேண்டியதில்லை என்பதே அது. 1915இல் டன்லப் என்னும் ரயர்க் கம்பனியின் வழக்கிலே பிரபுக்கள் சபை இதற்கு விதிகள் வகுத்தது. (அந்த வழக்கிலே, குறித்த விலைக்குக் குறைத்து விற்ற ஒவ்வொரு ரயருக்கும் 5 பவுண் கொடுக்கவேண்டும் என்ற நிபந்தனை தண்டமன்று என்றே தீர்க்கப்பட்டது. எல்லோரும் எடுத்துக் காட்டும் வழக்கிலே பணம் கட்டியவன் தோற்றுப்போனான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை!) கணினி தானாகவே அனுப்பும் ஒரு கடிதத்துக்கு 35 பவுண் எப்படிச் செலவாகும் என்று மக்கள் கேட்டார்கள். இரண்டாவது ஆயுதம் 1999ஆம் ஆண்டின் நுகர்வோர் உடன்படிக்கை ஒழுங்குவிதிகள். நல்லெண்ணத்துக்கு மாறாக நுகர்வோனைப் பாதிக்கும் நிபந்தனை அவனைக் கட்டுப்படுத்தாது என்று அவை கூறின.

ஆயுதம் இருந்தென்ன? 200 பவுணுக்கு வழக்காடச் சட்டத்தரணிக்கு 2,000 பவுண் கொடுப்பார் யார்? இங்கேதான் சிறு வழக்கு முறை துணைக்கு வந்தது. அதன் நடைமுறையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். சூட்சுமம் முழுவதும் அதிலேதான் இருக்கின்றது.

முதலிலே, தனிநபர் தகவல் பாதுகாப்புக்கான 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 10 பவுண் கட்டி, தம்மைப் பற்றி வங்கி வைத்திருந்த பதிவுகளைக் கேட்டார்கள். 40 நாட்களுக்குள் வங்கி கொடுத்தாகவேண்டியிருந்தது. அதிலிருந்து ஆறு ஆண்டுக் கட்டணங்களைப் பொறுக்கிக் கூட்டினார்கள். ஆறு ஆண்டு ஏனெனில், காலவரையறைச் சட்டம் அதற்கு அப்பால் இடங்கொடாது. பின்னர், இன்ன தொகையை இத்தனை நாளில் திருப்பித் தருக என்று ஒரு கடிதம். தராவிடின் வழக்கு என்று மறு கடிதம். அதன்பின் கவுண்டி நீதிமன்றிலே கோரிக்கைப் படிவம். தொகையோடு ஆண்டுக்கு 8 வீத வட்டியும் கேட்கலாம். அக்காலத்தில் 5,000 பவுண் வரையுள்ள கோரிக்கைகள் சிறு வழக்குத் தடத்திலே சென்றன. 2013 முதல் அவ்வெல்லை 10,000 ஆயிற்று. நீதிபதி பெரும்பாலும் ஓர் அறையிலே மேசையைச் சுற்றி இருதரப்பையும் இருத்திக் கேட்பார். சட்டத்தரணி வேண்டியதில்லை. எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு: நியாயமற்ற முறையில் நடந்துகொண்டாலன்றி, தோற்றவன் மறுதரப்புச் சட்டத்தரணியின் கூலியைக் கட்டவேண்டியதில்லை. சாதாரண மனிதனை நீதிமன்ற வாசலிலிருந்து துரத்துவது தோல்வியன்று, எதிரியின் செலவைச் சுமக்கவேண்டி வருமே என்ற அச்சமே. அந்த அச்சத்தை நீக்கியவுடன் மக்கள் எப்படித் திரண்டார்கள், பார்த்தீர்களா?

வங்கிகள் என்ன செய்தன? எதிருரை அனுப்பின, தவணை வாங்கின, விசாரணை நாள் நெருங்கியதும் பெரும்பாலான வழக்குகளிலே பணத்தைக் கொடுத்து முடித்துக்கொண்டன. மன்றிலே நின்றால் தமது உண்மையான செலவு யாது என்று காட்டவேண்டிவரும், அதை அவை விரும்பவில்லை என்பதே பலரும் கொண்ட கருத்து. இதற்கிடையில் 2006 ஏப்ரிலிலே நியாய வர்த்தக அலுவலகம், கடனட்டைத் தவறுகளுக்கு 12 பவுணுக்கு மேல் அறவிடுவது நியாயமற்றதெனக் கருதுவதாக அறிவித்தது. கடனட்டைக் கட்டணங்கள் உடனே இறங்கின. மக்களுடைய உற்சாகம் பொங்கிற்று.

அந்த வெற்றிக்குள் ஒரு பலவீனமும் ஒளிந்திருந்தது. வாசலிலே சமரசமாகிய வழக்கு எத்தனை ஆயிரமாயினும் அது தீர்ப்பாகாது. அடுத்தவன் பற்றிக்கொள்ள அது ஒரு கொம்பும் நாட்டுவதில்லை. இடையிலே 2007 மே மாதம் பேர்மிங்காமில் வங்கி எதிர்த்து நின்ற ஒரு கோரிக்கையை நீதிபதி தள்ளுபடி செய்தார். பணம் கிடைத்தவர்கள் மகிழ்ந்தார்கள். சட்டம் இருந்த இடத்திலேயே இருந்தது.

2007 யூலையில் நியாய வர்த்தக அலுவலகம், ஏழு வங்கிகளும் ஒரு வீடமைப்புச் சங்கமுமாக எண்மர்மீது ஒரு மாதிரி வழக்கைத் தொடுத்தது. கீழ்மன்றுகளில் இருந்த வழக்குகள் பொதுவாக நிறுத்திவைக்கப்பட்டன. 2008 ஏப்ரிலில் மேல் நீதிமன்ற நீதிபதி அன்ட்ரூ ஸ்மித், கணக்கிலே பணமின்றிக் காசோலை எழுதுவது உடன்படிக்கை மீறலன்று, கடன் தருக என்ற வேண்டுகோளே, ஆகவே அவர்முன் வைக்கப்பட்ட அன்றைய நிபந்தனைகள் பெரும்பாலும் தண்டமாகா என்றார். டன்லப் வழக்கின் வாள் அங்கே முறிந்தது. ஆயினும் நியாயத்தன்மையை 1999ஆம் ஆண்டு விதிகளின்கீழ் ஆராயலாம் என்று அவர் கூறியதால் இரண்டாவது வாள் எஞ்சியது. 2009 பெப்ரவரியிலே மேன்முறையீட்டு நீதிமன்றும் அதனை ஏற்றது.

2009 நவம்பர் 25ஆந் திகதி, பிறந்து இரண்டு மாதமும் நிரம்பாத ஐக்கிய இராச்சிய உயர் நீதிமன்று ஐந்து நீதியரசரும் ஒருமித்து அத்தீர்ப்பை மாற்றியது. தெளிவான மொழியிலே எழுதப்பட்ட நிபந்தனையாயின், பொருளுக்கோ சேவைக்கோ உரிய விலை போதுமானதா, மிகையானதா என்று அளந்து அதன் நியாயத்தை ஆராயலாகாது என ஒழுங்குவிதியிலேயே ஒரு விலக்கு இருந்தது. இக்கட்டணங்கள் வங்கிச் சேவைத் தொகுதி முழுவதற்கும் வாடிக்கையாளர் கொடுக்கும் விலையின் ஒரு பகுதியே என்றது மன்று. நடைமுறைக் கணக்குகளால் வங்கிகள் பெற்ற வருமானத்தில் 30 வீதத்துக்கு மேல் இக்கட்டணங்களே என்பது மன்றிலே வெளிப்பட்டது. இவ்வளவு பெரிய பங்கு விலையன்றி வேறென்ன என்பது வங்கிகளின் வாதத்துக்கு வலுவாயிற்று! இல்லாதவனிடம் வெட்டிய காசிலேதான் இருப்பவனுக்கு இலவசச் சேவை நடந்தது என்று நாம் இதனை வாசிக்கின்றோம்.

ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்ளவேண்டும். கட்டணம் நியாயமானது என்று உயர் நீதிமன்று கூறவில்லை. அலுவலகம் தட்டிய கதவு திறவாது என்றே கூறியது. ஆனால் நிறுத்திவைக்கப்பட்டிருந்த ஏழைகளின் வழக்குகள் பெரும்பாலும் அத்தோடு முடிந்தன. அலுவலகமும் டிசம்பரிலே தன் விசாரணையைக் கைவிட்டது. ஒற்றுமையாக ஒரே வழக்கில் நின்றதால் வந்த நட்டமா இது என்று சிலர் கேட்கக்கூடும். ஒற்றுமையைக் குறைகூற நாம் தயாரில்லை. கோடிக்கணக்கான பணத்தை ஒரே வாசகத்தின்மேல் ஏற்றி வைத்த உத்தியையே குறைகூறுகின்றோம்.

நீதிமன்று மறுத்ததை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை பத்து ஆண்டுக்கு மேலாகியபின் கொடுத்தது. 2020 ஏப்ரில் முதல், முன்னனுமதியற்ற மேலதிகப்பற்றுக்கு நாளுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று நிலைக்கட்டணம் அறவிடல் அங்கே தடுக்கப்பட்டது. வட்டியாகவே அறவிடவேண்டும், அதுவும் அனுமதி பெற்ற பற்றின் வட்டியை விஞ்சலாகாது. திரும்பிய கொடுப்பனவுக்கான கட்டணம் செலவுக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். 2006இல் ஏழைகள் கேட்டது இதைத்தானே? வங்கிகள் பல வட்டியை ஏறக்குறைய 40 வீதமாக உயர்த்திக்கொண்டன என்பதையும் மறைப்பதற்கில்லை.

இனி எமது வெங்காயச் செய்கைக்காரரிடம் வருவோம். இங்கிலாந்தின் 1999ஆம் ஆண்டு விதிகள் இங்கே செல்லா. எமது 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் பெரும்பாலும் பொறுப்பிலிருந்து நழுவும் வாசகங்களைப் பற்றியது. கட்டணத்தின் அளவை அளக்கும் கோலை அதிலே தேடுவது வீண். ஆனால் 1990இலே வங்கிகள் தமது கடனைச் சுருக்க வழியில் அறவிட இரண்டு சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றுள் ஒன்று, ஈடுவைத்த காணியை நீதிமன்றம் செல்லாமலே விற்கும் அதிகாரத்தை வங்கிக்குக் கொடுத்தது. சிறு கோரிக்கை நீதிமன்ற நடைமுறைக்கெனப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியதோ 2022இல். கொடுத்தவன் வாங்குவதற்கு அன்றே குறுக்குவழி. வெட்டப்பட்டவன் கேட்பதற்கு முப்பத்திரண்டு ஆண்டு பொறுக்கவேண்டியிருந்தது!

2023இலே மத்திய வங்கி நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளையும் வெளியிட்டது. ஆகவே முதற்படி வங்கிக்கு எழுத்தில் முறைப்பாடு. எந்த நிபந்தனையின்கீழ், எந்தக் கட்டணப் பட்டியலின்படி வெட்டினீர்கள் என்று கேளுங்கள். விடையை எழுத்திலே கேளுங்கள், தமிழிலே கேளுங்கள். தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பில் எழுதப்பட்டது 1987இல்; ஆங்கிலப் படிவத்தில் எமது கமக்காரன் கண்ணை மூடிக் கையொப்பமிடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. பட்டியலில் இல்லாத கட்டணமோ, ஒரே தவறுக்கு இருமுறை வெட்டிய கட்டணமோ அகப்படின், அது நியாயமா என்ற பெரிய வாதமே வேண்டியதில்லை. உடன்படிக்கைக்கு மாறானது என்பதே போதும். இங்கிலாந்து மக்கள் தோற்ற கதவை நாம் முதலிலே தட்டவேண்டியதில்லை. காலத்தையும் மறவாதீர்கள்: எழுத்து மூல உடன்படிக்கைக்கு 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் ஆறு ஆண்டு தருகின்றது, எழுத்தில்லாததற்கு மூன்றே.

அந்த நண்பருடைய கூற்றை வரி வரியாகப் பார்த்தோம். உரக்கடைக் காசோலைக்கு இரு தினங்களிலே இருமுறை கட்டணம் விழுந்திருந்தது. வங்கிக்குக் கடிதம் எழுதியாயிற்று, விடைக்குக் காத்திருக்கின்றோம். உங்களிலும் பலரிடம் அத்தகைய கூற்றுகள் பெட்டியடியிலே கிடக்கலாம். அடுத்த சனிக்கிழமை காலை இதே மண்டபத்தில் நாமும் எமது தோழர் இருவரும் இருப்போம். கூற்றுகளையும், கணக்குத் திறந்தபோது தந்த படிவம் இருந்தால் அதனையும் கொண்டுவாருங்கள்.