கண்ணுக்குள் மண் விழுந்தால்
(சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போறம். வளவு கூட்டேக்க, நெல் தூற்றேக்க கண்ணுக்குள் மண்ணோ சப்பியோ விழும். கசக்கிப்போட்டு, கடையில் ஒரு துளிமருந்து வாங்கி விட்டுக்கொண்டு ஒஸ்லோ திரும்புவம். இங்கே வந்தபின்தான் கண் சிவந்து, வெளிச்சம் பார்க்க ஏலாமல் போகும்.

கண்ணின் முன்பக்கக் கண்ணாடிதான் விழிவெண்படலம். தடிப்பு அரை மில்லிமீற்றர் அளவுதான். சின்னக் கீறல் போதும், கிருமி புகுந்துவிடும். இங்குள்ள வைத்தியர்கள் வழக்கமாகக் காண்பது கொன்ரக்ற் லென்ஸ் போடுவோரின் புண். மண்ணில் வாழும் நொகார்டியா என்ற பக்ரீரியா அவர்களுக்கு அருமை.

அது மெதுவாக வளரும். குண்டூசித் தலை போன்ற வெள்ளைப் புள்ளிகள் மாலை கோத்தமாதிரி நிற்கும். பூஞ்சணம் என்று ஏமாறவும் கூடும். ஆகவே கண்ணை விறைக்கப்பண்ணி, புண்ணைச் சுரண்டி எடுத்து, நிறமூட்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். மிச்சத்தை வளர்க்க வைப்பார்கள். மற்றக் கிருமிகள் பெரும்பாலும் ஓரிரு நாளில் முளைக்கும். இதற்கு ஒரு கிழமையும் செல்லலாம். சந்தேகத்தை ஆய்வுகூடத்துக்குச் சொல்லாவிட்டால் தட்டை அதற்குமுன் எறிந்துவிடக்கூடும். கண்டுபிடித்தால் அமிக்காசின் துளிமருந்து உண்டு. தொடக்கத்தில் மணிக்கொரு தரம், இரவிலும். நித்திரை போனாலும் கண் மிஞ்சும்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை முக்கிய களமாகக் கொண்டு, 2006 முதல் 2010 வரை பக்ரீரியாப் புண் வந்த 500 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. அதில் 55 பேருக்கு நொகார்டியா. ஒன்பதில் ஒருவர்! அவர்களுள் ஸ்ரெரொயிட் துளி விட்டவர்களுக்குத் தழும்பு பெரிதாகியதென்று 2012இல் எழுதினார்கள். கடைத் துளிமருந்திலும் ஸ்ரெரொயிட் கலந்திருக்கலாம். சிவப்பு குறையும், சுகமென்று நினைப்பம், உள்ளே புண் பரவும். தாய்ப்பால் விடுகிற பழக்கத்தையும் விடுங்கோ, அம்மாமார் கோவிக்கக் கூடாது.

ஒரு ஐயா வைத்தியரிடம் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். பத்து வயசுப் பிள்ளை, "அப்பாவுக்குக் கண் நோகுது" என்று மட்டும் சொன்னாள். ஊருக்குப் போனதும் மண் விழுந்ததும் சொல்லுப்படவில்லை. வைத்தியர் எப்படி அறிவார்? 2022 ஜனவரியில் வந்த சட்டப்படி, பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராகப் பாவிக்கக் கூடாது. நேரம் எடுக்கேக்கையே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணுமென்று கேளுங்கோ. அதற்கு நீங்கள் காசு கட்டத் தேவையில்லை.

போகேக்க அந்தத் துளிமருந்துப் போத்தலையும் கொண்டு போங்கோ. இரவில் நோவு கூடினால் விடியட்டும் என்று இராமல் 116117க்கு அடியுங்கோ.