மூத்த ஆட்டக்காரரும் கழகத்தின் கடனும்

பந்தாட்டத்தில் விருப்பமுள்ள நேயர்களுக்கு இக்கேள்வி புதியதன்று. பல ஆண்டுகள் ஒரே கழகத்திற்காக உழைத்து, அதற்குப் புகழ் தேடித் தந்த ஆட்டக்காரர் ஒருவருக்கு வயதாகிவிடுகிறது. கால்கள் முன்போல் ஓடுவதில்லை. கழகம் அவரை வைத்துக்கொள்ள வேண்டுமா, அல்லது மாலையிட்டு வழியனுப்பிவிட வேண்டுமா? அலுவலகமாயின் இதற்கு ஒரு விதி உண்டு; குறித்த வயது வந்ததும் ஓய்வு. மைதானத்தில் அத்தகைய விதி ஏதுமில்லை. ஆகையால் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பெங்களூரில் வாழும் தமிழர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியும் அன்று. அல்சூர், ஆஸ்டின் டவுன் முதலிய பகுதிகளில் பந்தாட்டம் தலைமுறை தலைமுறையாக வேரூன்றியிருக்கிறது. அல்சூரை அடுத்த கௌதமபுரத்தில் பிரேசில் நாட்டு வீரர் பெலேவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். பிழைப்பைத் தேடி வேறு மாநிலத்திற்கு வந்தவர் அவ்வூரைக் கூசாமல் ‘நம் ஊர்’ என்று சொல்லத் தொடங்குவது, பெரும்பாலும் அவ்வூர்க் குழு வெற்றி பெறும் நாளில்தான். அக்குழுவின் மூத்த வீரர் விலகப்போகிறார் என்ற செய்தி, பழகிய வீட்டிலிருந்து ஒருவர் பெட்டி கட்டுவதைப் போலவே அவர் மனத்தில் படுகிறது. அதனால்தான் இவ்விஷயத்தில் நியாயம் பேசுவது கடினம். இருந்தாலும் பேசித்தான் ஆக வேண்டும்.

நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் சுனில் சேத்ரி. 1984 ஆகஸ்டு 3 ஆம் நாள் செகந்திராபாத்தில் பிறந்தவர். பெங்களூரு எஃப்.சி. என்னும் கழகம் தொடங்கப்பட்ட 2013 ஆம் ஆண்டிலேயே அதில் சேர்ந்தவர். 2015, 2016 ஆம் ஆண்டுகளில் இடையே சிறிது காலம் மும்பைக் குழுவுக்கு இரவலாகச் சென்றது நீங்கலாக, அக்கழகத்தின் வரலாறும் இவருடைய வரலாறும் ஒன்றே. முதல் பருவத்திலேயே ஐ-லீக் பட்டம். 2016 இல் மீண்டும் அப்பட்டம். அதே ஆண்டில் ஏ.எஃப்.சி. கோப்பையின் இறுதியாட்டம் வரை சென்ற முதல் இந்தியக் கழகம் என்ற பெருமை. 2019 இல் இந்தியன் சூப்பர் லீக் வெற்றி. இந்திய நாட்டிற்காக 2005 முதல் ஆடி வந்தவர், 2024 ஜூன் 6 ஆம் நாள் கல்கத்தாவில் குவைத்துக்கு எதிரான ஆட்டத்தோடு விடைபெற்றார். அன்று அவர் கணக்கில் 151 ஆட்டங்களும் 94 கோல்களும் இருந்தன. நாட்டிற்கு விடை கொடுத்தாரேயன்றிக் கழகத்திற்குக் கொடுக்கவில்லை. அப்போது அவருக்கு நாற்பது வயது நிறைய இரண்டு மாதங்களே இருந்தன.

இத்தகையவரைப் பற்றி எளிதான விடைகள் இரண்டு உண்டு. ‘இவ்வளவு செய்தவரை எப்படி விடுவது?’ என்பது ஒன்று. ‘மைதானம் தர்ம சத்திரமா?’ என்பது மற்றொன்று. இரண்டிற்கும் இத்தாலியில் உதாரணம் இருக்கிறது. 2006 இல் யுவென்டஸ் கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டபோதும் அதை விட்டுப் போகாதவர் தெல் பியேரோ. 2011 அக்டோபரில் அக்கழகத்தின் தலைவர் பங்குதாரர் கூட்டத்தில், இதுவே அவருடைய கடைசிப் பருவம் என்று அறிவித்துவிட்டார். அந்தப் பருவத்தில் யுவென்டஸ் பட்டம் வென்றது. அவர் போன பிறகு மறு ஆண்டும் வென்றது. கணக்குப்படி பார்த்தால் தலைவர் செய்தது சரியே. ஆனால் அச்செய்தியை அவர் பங்குதாரர் முன்னிலையில் சொன்ன விதத்தைப் பலரும் இன்றுவரை மறக்கவில்லை. ரோமா கழகமோ டோட்டியை 1993 இலிருந்து 2017 வரை, அவருக்கு நாற்பது வயது ஆகும் மட்டும் வைத்துக்கொண்டது. 2016 இல் பயிற்சியாளருடன் மனஸ்தாபம் உண்டாகி, ஓர் ஆட்டத்திற்கு முன் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். இரண்டு மாதம் கழித்து, டொரினோ குழுவுக்கு எதிராக ரோமா பின்தங்கியிருந்தபோது, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் இறங்கி, இரண்டு கோல் போட்டு வெற்றி தேடிக் கொடுத்தார். வைத்துக்கொள்வதிலும் வருத்தம் உண்டு, விடுவதிலும் உண்டு.

வயது ஒரு பந்தாட்டக்காரரை என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். முதலில் போவது பாய்ச்சல். நின்ற இடத்திலிருந்து நான்கு எட்டில் எதிரியை முந்தும் வேகம். அடுத்தது, ஓர் ஆட்டத்தின் களைப்பு நீங்க முன்பு இரண்டு நாள் போதுமென்றால் இப்போது நான்கு நாள் வேண்டியிருக்கிறது. எளிதில் போகாதவையும் உண்டு: பந்து எங்கே வந்து விழும் என்னும் ஊகம், கோலுக்கு முன்னால் பதறாத மனம், உதையின் துல்லியம். ஆகவே தொண்ணூறு நிமிடம் ஆட முடியாதவர் முப்பது நிமிடம் மிக நன்றாக ஆடக்கூடும். அந்த முப்பது நிமிடத்திற்கு அக்காலத்தில் இடமில்லை. உலகக் கோப்பைப் போட்டிகளிலேயே மாற்று ஆட்டக்காரரை இறக்க 1970 இல்தான் முதன்முதலாக அனுமதி கிடைத்தது. மோகன் பகானின் சுனி கோஸ்வாமி 1968 இல், முப்பது வயதில், பந்தாட்டத்திலிருந்து விலகிக் கிரிக்கெட் பக்கம் போய்விட்டார். 2020 இல் தற்காலிகமாக வந்து, 2022 இல் நிலைபெற்ற விதியின்படி ஓர் ஆட்டத்தில் ஐவரை மாற்றலாம். மூத்த வீரரைப் பற்றிய பழைய வழக்கில் பாதி இந்த ஒரு விதியால் தீர்ந்துவிட்டதென்றே நான் கருதுகிறேன்.

மற்றப் பாதி, அவருடைய இடத்தில் யார் இறங்குவது என்பது. இதற்கு 2022-23 ஆம் ஆண்டுப் பருவத்தைப் போன்ற பாடம் வேறில்லை. அப்பருவத்தின் பிற்பகுதியில் பெங்களூருவின் பயிற்சியாளர் சைமன் கிரேசன், சேத்ரியை வெளியே உட்காரவைத்துவிட்டு, ஃபிஜித் தீவைச் சேர்ந்த ராய் கிருஷ்ணாவுக்குத் துணையாக ஓர் இளைஞரை முன்வரிசையில் இறக்கினார். அந்த இளைஞர் நம் சிவகங்கை மாவட்டத்துச் சிவசக்தி நாராயணன், வயது இருபத்தொன்று. சேத்ரியை விடப் பதினேழு வயது இளையவர். குழு தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் வெற்றி பெற்றது. சேத்ரி முகம் சுளிக்காமல் வெளியே காத்திருந்தார். அந்தக் காத்திருப்பும் வீண்போகவில்லை. 2023 மார்ச்சு 3 ஆம் நாள் கண்டீரவா மைதானத்தில் கேரளக் குழுவுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக வந்து, கூடுதல் நேரத்தில் எதிரிகள் அணிவகுத்து முடிப்பதற்குள் தனியுதையை அடித்து கோலாக்கினார். ‘இது முறையன்று’ என்று கேரளக் குழுவினர் மைதானத்தை விட்டே வெளியேறினார்கள். நான்கு நாள் கழித்து மும்பையிலும் அவ்வாறே பாதியில் வந்து, தலையால் முட்டி ஒரே கோலைப் போட்டார்.

கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில் சிவசக்திதான் முதலில் இறங்கினார். சில நிமிடங்களுக்குள் காயம்பட்டு வெளியேற நேர்ந்தது. அவருக்குப் பதிலாக உள்ளே சென்றவர் சேத்ரி. பின்தங்கியிருந்த குழுவை முதற்பாதியின் முடிவில் பெனால்டி உதையால் சமநிலைக்குக் கொண்டு வந்தவரும் அவரே. இறுதியில் பெனால்டி உதைகளில் கோப்பை மோகன் பகானுக்குப் போயிற்று. அதனால் என்ன? இளையவர் ஆட, மூத்தவர் காத்திருக்க, வேண்டிய நேரத்தில் அவர் கைகொடுக்க, ஒரு கழகம் இவ்வழக்கை எப்படித் தீர்க்க வேண்டும் என்பதை அந்தச் சில வாரங்கள் காட்டிவிட்டன.

இரண்டு ஆண்டு கழித்து நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. 2024-25 பருவத்தில், நாற்பது வயது கடந்த சேத்ரி 14 கோல் போட்டார். டிசம்பர் 7 ஆம் நாள் கேரளக் குழுவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று கோல். அரையிறுதியில் கோவாவுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் மறுபடியும் தலையால் ஒரு கோல். இந்திய ஆட்டக்காரர்களில் எவரும் அவரை நெருங்கவில்லை. ஊரே கொண்டாடியது, நானும் மகிழ்ந்தேன். ஆனால் மகிழ்ச்சி அடங்கிய பின் ஒரு கவலை எழுந்தது. நாடு முழுவதிலும் கழகங்கள் முன்வரிசை இடத்தை வெளிநாட்டாரிடமே ஒப்படைக்கின்றன. எஞ்சிய ஓரிடத்தில் நாற்பது வயதுக்காரர் நிற்கிறார். இருபது வயதுக்காரர் கோல் போடக் கற்றுக்கொள்வது எங்கே? 2025 மார்ச்சில் இந்தியக் குழுவின் பயிற்சியாளர், ஓய்வு பெற்ற சேத்ரியையே மீண்டும் அழைத்தார். மாலத்தீவுக்கு எதிராக ஷில்லாங்கில் அவர் தமது 95 ஆவது கோலையும் போட்டார். அடுத்த சில நாட்களில் வங்கதேசத்தோடு கோலில்லாச் சமன். ஜூன் மாதம் ஹாங்காங்கிடம் தோல்வி. அக்டோபரில் சிங்கப்பூரிடம் தோற்று, ஆசியக் கோப்பைக்குச் செல்லும் வாய்ப்பே போயிற்று. குற்றம் சேத்ரியுடையதன்று. அழைத்தபோது வந்தார், அவ்வளவே.

என் முடிவு இதுதான். கழகம் அவரைப் போன்றவரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் நன்றிக்காக வைத்துக்கொள்ளக் கூடாது. நன்றி செலுத்த வேறு வழிகள் உண்டு: பயிற்சிப் பள்ளியில் பொறுப்பு, பாராட்டு ஆட்டம், மைதானத்தின் ஒரு பகுதிக்கு அவர் பெயர். ஒப்பந்தம் ஆட்டத்திற்காக மட்டும் எழுதப்பட வேண்டும். ஓராண்டுக்கு மேல் எழுதக் கூடாது. பயிற்சியாளர் அவரை வெளியே உட்காரவைத்தால் நிர்வாகிகள் குறுக்கே வரமாட்டோம் என்று முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். புகழ் மிகுந்த தலைவரை உட்காரவைக்கத் துணியாத பயிற்சியாளர்தான், சேத்ரியின் வயதைவிடக் கழகத்திற்கு ஆபத்தானவர்.

இவ்வளவு காலம் ஆடக் கிடைத்ததும் ஒரு பேறு. செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராமை முதியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் பந்தயங்களில் ஆடி, 1962 இல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம் வென்ற குழுவிலும் இருந்தவர். மறு ஆண்டே நோய் அவரை மைதானத்திலிருந்து பிரித்தது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவரை வைத்துக்கொள்வதா என்று யோசிக்கும் வாய்ப்பு எந்தக் கழகத்திற்கும் கிடைக்கவில்லை. பெங்களூருக்கு அது கிடைத்தது. 2023 இல் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. இனி மூத்தவர் ஒருவருக்கு மேலும் ஓராண்டு என்று கையெழுத்திடும் நிர்வாகிகள், அவர் உட்காரும் நாட்களில் இறங்கப்போகும் இளைஞரின் பெயரையும் அன்றே பயிற்சியாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். பெயர் சொல்ல அவரால் முடியாவிட்டால், அவ்வாண்டு அவர்கள் தேட வேண்டியது அந்த இளைஞரைத்தான்.