கமரா காண்கிறது, பெட்டி காணவில்லை

வானொலிப் பெட்டி பழுதற்றதாய் இருக்கலாம். நிலையத்தின் ஒலிபரப்பும் குறைவின்றி நிகழலாம். ஆயினும் முள் சிறிது விலகி நின்றால் நம் காதில் விழுவது இரைச்சலே. அப்போது பெட்டியையோ நிலையத்தையோ குறை கூறிப் பயனில்லை. இரண்டுக்கும் இடையேயுள்ள பொருத்தம் தவறிவிட்டது. வீட்டுக் காவலுக்கென வைக்கப்படும் கம்பியில்லாக் கமராக்களுக்கும், அவற்றின் படங்களைச் சேமிக்கும் பதிவுப் பெட்டிக்கும் இடையே நேரும் பிணக்கும் பெரும்பாலும் இத்தகையதே. அதுபற்றி இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியே வாழ்கின்றார். பிள்ளைகள் கடல் கடந்த நாட்டில் இருக்கின்றனர். விடுமுறையில் வந்த மகன், தாயின் பாதுகாப்பைக் கருதி வாயிலில் ஒன்றும் கிணற்றடியில் ஒன்றுமாக இரண்டு கமராக்களைப் பொருத்தி, கூடத்தில் ஒரு பதிவுப் பெட்டியையும் வைத்துச் சென்றார். நாள்தோறும் தம் கைத்தொலைபேசியில் அவர் வீட்டு முற்றத்தைப் பார்ப்பார். படம் தெளிவாகவே தெரிந்தது. ஒருநாள் விடியற்காலையில் கிணற்றடியில் இருந்த நீரிறைக்கும் இயந்திரத்தைக் காணவில்லை. முதல்நாள் வளவு துப்புரவாக்க வந்த இளைஞன்மேல் அயலவர் ஐயங்கொண்டனர். பெட்டியில் பார்த்தால் உண்மை தெரியும் என்றனர். பார்த்தபோது, 19 நாட்களாக அதில் எதுவுமே பதிவாகியிருக்கவில்லை.

"தம்பி, மகன் அங்கேயிருந்து பார்க்கிறான், அவனுக்குப் படம் வருகுது. இங்கே பெட்டியிலே மட்டும் இருட்டாய்க் கிடக்குது. இதென்ன விந்தை?" என்று ஆசிரியை என்னைக் கேட்டார்.

விந்தை ஒன்றுமில்லை. கமராவின் படம் செல்ல இரண்டு பாதைகள் உள்ளன. ஒன்று, வீட்டிலுள்ள ரவுட்டர் வழியே இணையத்துக்குச் சென்று, கமரா நிறுவனத்தின் கணினியைத் தொட்டுக் கைத்தொலைபேசியை அடையும் பாதை. மற்றையது, அதே ரவுட்டர் வழியே, வீட்டுக்குள்ளேயே நேராகப் பதிவுப் பெட்டிக்குச் செல்லும் பாதை. முதலாவது திறந்திருக்க இரண்டாவது மூடிக்கிடக்கலாம். கைத்தொலைபேசியில் படம் தெரிவதால் பெட்டியில் பதிவாகின்றது என்று கொள்வது, நாம் செய்யும் முதற் பிழை.

ஆசிரியை வீட்டில் நேர்ந்தது இதுதான். வீட்டு வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி எண் உண்டு. அது நான்கு பகுதிகளைக் கொண்டது; 192.168.1.23 என்பது போல இருக்கும். பெரும்பாலும் ரவுட்டரே இவ்வெண்ணை வழங்குகின்றது. இடி மழையில் மின்சாரம் நின்று மீண்டும் வந்தபோது, ரவுட்டர் எண்களைப் புதிதாகப் பங்கிட்டது. 23 என்றிருந்த கமராவுக்கு 27 கிடைத்தது. மற்றைய கமராவின் எண்ணும் அவ்வாறே மாறிற்று. பெட்டியோ பழைய எண்களையே அழைத்துக்கொண்டிருந்தது. வீடு மாறிச் சென்றவருக்குப் பழைய விலாசத்தில் கடிதம் எழுதுவது போன்ற செயல் அது. 2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்ற காலத்தை நாம் மறக்கவில்லை. மின்தடை நேரக்கூடிய எந்த ஊரிலும் இப்பிழை நேரலாம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஒவ்வொரு கமராவுக்கும் ஒரே எண்ணை நிலையாக ஒதுக்கிவிடுதலே இதற்கான பரிகாரம்.

எனினும் எல்லா வீட்டிலும் காரணம் ஒன்றாக இராது. ஆகவே ஓர் ஒழுங்கைப் பின்பற்றித் தேடுதல் நன்று. நோயாளியை எடுத்த எடுப்பில் அறுவைக்கு உட்படுத்தாது, முதலில் நாடி பார்ப்பது போல.

முதலில், பெட்டி எவ்வகையினது என்று பாருங்கள். கமராவிலிருந்து வரும் தடித்த கம்பியைத் திருகிப் பொருத்தும் வாய்கள் மட்டும் உடைய டி.வி.ஆர். என்னும் பழைய வகைப் பெட்டி, கம்பியில்லாக் கமராவை ஏற்காது. வலையமைப்பின் வழியே படம் பெறும் என்.வி.ஆர். வகையே இதற்கு உரியது. இரு வகையையும் ஏற்கும் கலப்புப் பெட்டிகளும் உண்டு. மின்கலத்தால் இயங்கும் கமராக்கள் பல, மின்கலத்தை மிச்சப்படுத்துவதற்காக எந்நேரமும் படம் அனுப்புவதில்லை. அவை பொதுவான பதிவுப் பெட்டியோடு சேர்வது அரிது. வாங்கும் முன்னரே இதனைக் கேட்டறிதல் வேண்டும்.

இரண்டாவது, மின்சாரம். பகலில் நன்கு இயங்கி இரவில் மறைந்து போகும் கமராவில் முதலில் ஐயுறவேண்டியது அதன் மின்வழங்கியையே. இருளில் கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக்கீழ் ஒளியைக் கமரா பாய்ச்சுகின்றது. அதற்கு மேலதிக மின்னோட்டம் தேவை. வழங்கி வலுக்குறைந்ததாயின், அல்லது 12 வோல்ற்று மின்சாரத்தை நீண்ட மெல்லிய கம்பியில் கொண்டு சென்றிருந்தால், கமரா அணைந்து அணைந்து எரியும்.

மூன்றாவது, அலை. கமராவைக் கழற்றி ரவுட்டரின் அருகே வைத்துப் பாருங்கள். அங்கே படம் வருமாயின் குறை தொலைவில் உள்ளது. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை சுவர்களை ஊடுருவிச் சற்றுத் தூரம் செல்லும்; 5 கிகாஹேர்ட்ஸ் அலை விரைவானது, ஆனால் சுவரில் விரைவில் தளர்ந்துவிடும். பல கமராக்கள் 2.4 ஐ மட்டுமே அறியும். கொங்கிறீற்றுச் சுவரும் தகரக் கூரையும் அலையைத் தடுப்பன. அயல் வீட்டு ரவுட்டர்களும் அதே தடத்தில் இயங்கினால் நெரிசல் உண்டாகும். 1, 6, 11 ஆகிய தடங்களே ஒன்றையொன்று இடையூறு செய்யாதவை. ரவுட்டரில் விருந்தினர்க்கெனத் தனி வலையமைப்பு இருந்து, கமரா அதிற் சேர்ந்திருந்தால், பெட்டி அதனைக் காணவே முடியாது.

நான்காவது, முகவரி. மேலே கூறிய எண்களில் முதல் மூன்று பகுதிகளும் வீடுகளில் வழக்கமாகக் கமராவுக்கும் பெட்டிக்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும். கடைசிப் பகுதி மட்டும் வேறுபட வேண்டும். சில பெட்டிகளின் பின்புறத்தே கமராக்களுக்கென வரிசையாகத் துளைகள் உள்ளன. அத்துளைகள் தமக்கெனத் தனி வலையமைப்பை நடத்துவன. ரவுட்டரில் சேர்ந்த கமராவை அவ்வழியே தேடுவது வீண். பெட்டியையும் ரவுட்டரோடு ஒரு கம்பியால் இணைத்து, கமராவின் எண்ணை நம் கையாலேயே பெட்டியிற் பதிய வேண்டும்.

ஐந்தாவது, மொழி. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் தம்முள் பேசிக்கொள்வதற்காக ஒன்விஃப் என்னும் பொதுமுறை 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. பல கமராக்களில் இம்முறை மூடியே வைக்கப்பட்டிருக்கும். அதனைத் திறந்து, அதற்கெனத் தனிக் கடவுச்சொல்லும் கொடுக்க வேண்டியிருக்கலாம். கடிகாரத்தையும் பார்க்க மறவாதீர்கள். கடவுச்சொல்லோடு நேரமும் சேர்த்து அனுப்பப்படுவதால், கமராவின் கடிகாரம் பழைய ஆண்டொன்றில் நின்றுவிட்டால், சரியான கடவுச்சொல்லும் மறுக்கப்படலாம்.

ஆறாவது, படத்தைச் சுருக்கும் முறை. 2003இல் வந்த எச்.264 முறையை ஏறக்குறைய எல்லாப் பெட்டிகளும் அறியும். 2013இல் வந்த எச்.265 முறையைப் பழைய பெட்டிகள் அறியா. அப்போது கமரா இணைந்திருப்பதாகப் பெட்டி கூறும். ஆனால் திரை கறுத்திருக்கும். கமராவின் அமைப்பில் எச்.264ஐத் தெரிவு செய்தாற் போதும். படத்தின் அளவு பெட்டியின் கொள்ளளவை மீறினாலும் இவ்வாறே நேரும். படத்தின் நுணுக்கத்தைச் சிறிது குறைத்துப் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. படம் வரவில்லை என்ற அவசரத்தில், கடவுச்சொல்லை எடுத்துவிடுவதும், தொழிற்சாலை இட்ட சொல்லையே விட்டுவைப்பதும் தகாது. 2016ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீய நிரல், இத்தகைய சொற்களை வைத்திருந்த கமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பெருந்தொகையாகக் கைப்பற்றி, அவற்றைக் கொண்டே இணையத்தின் பல பகுதிகளை முடக்கியது. காவலுக்கு வைத்த கண் கள்வனுக்கு உதவலாகாது.

இறுதியாக ஒன்று. திரையிற் படம் தெரிவதும் வன்தட்டில் பதிவாவதும் ஒன்றல்ல. படம் வந்ததும் மகிழ்ந்து எழுந்துவிடாதீர்கள். நேற்றைய நாளைத் தெரிவு செய்து, நேற்று மாலையின் படத்தை ஓடவிட்டுப் பாருங்கள். அது ஓடினால்தான் வேலை முடிந்தது.

ஆசிரியை வீட்டுப் பெட்டியைச் சீராக்க எனக்கு அரைமணி நேரமே ஆயிற்று. அந்த இளைஞனின் காரியமோ சீராகவில்லை. அவன்மேல் எவரும் முறைப்பாடு செய்யவில்லை, குற்றமும் நிரூபிக்கப்படவில்லை. ஆயினும் அவன் இப்போது எங்கள் தெருவுக்கு வேலைக்கு வருவதில்லை. அவனை யாரும் அழைப்பதுமில்லை. பெட்டி தன் வேலையைச் செய்திருந்தால், எடுத்தவன் யாரென்று தெரிந்திருக்கும். குறைந்தபட்சம் அவன் எடுத்தானா இல்லையா என்பதாவது தெரிந்திருக்கும். "ஓர் எண் மாறினதாலே ஒரு பிள்ளையின் பெயர் கெட்டுப் போச்சுது, தம்பி," என்று ஆசிரியை சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை.

இப்போது அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலையில் மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு, முதல்நாட் பதிவைத் தாமே ஓடவிட்டுப் பார்க்கின்றார். அதற்கு ஐந்து நிமிடங்களுக்கு மேற் செல்வதில்லை. பதிவுப் பெட்டி உள்ள நேயர்களும் வாரத்தில் ஒருநாள் அவ்வாறு செய்வீர்களாக.