நாலு மணிக்கு வீடு திரும்ப முடியாத பள்ளிக்கூடம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

"உங்க பிள்ளைங்க ஏன் ஸ்கூல் போறதில்லை?" என்று லிஃப்ட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே தடவையாக எல்லோருக்கும் சொல்லிவிடுங்களேன் என்று செயலாளர் சார் மைக்கைக் கொடுத்துவிட்டார்.

மூத்தவளுக்கு இப்போது 12 வயது, சின்னவனுக்கு 8. மூத்தவள் மூன்றாம் வகுப்பு படித்தபோது திங்கட்கிழமை தவறாமல் வயிற்றுவலி வரும். மருத்துவரிடம் காட்டினோம், வயிற்றில் ஒன்றும் இல்லை. பள்ளியை மாற்றியும் வலி நிற்கவில்லை. ஆறு மாதம் யோசித்த பிறகு வீட்டிலேயே படிக்க வைப்பது என்று முடிவெடுத்தோம். நான் வேலையை விட்டேன். ஒரு சம்பளத்தில் குடும்பம் நடத்துவது எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் வருஷம் நான் செய்த தப்பைத்தான் இன்றைக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஹாலில் வெள்ளைப் பலகை மாட்டினேன். சுவரில் கால அட்டவணை ஒட்டினேன். ஒன்பது மணிக்கு செல்போனில் மணி அடிக்கும், கணக்கு. 9.45க்கு மறுபடி அடிக்கும், ஆங்கிலம். ஊரார் கேட்டால் காட்ட வேண்டுமே என்று நோட்டு நோட்டாக எழுத வைத்தேன். ஒருநாள் ராத்திரி சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தவளிடம், பாதி நிறுத்திய பின்னக் கணக்கைக் கேட்டேன். அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஸ்கூலா இருந்தா நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துடலாம்மா. இங்க நான் எப்ப வீட்டுக்கு வர்றது?"

என் மாமியார் ஒன்றும் பேசாமல் அவள் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் அட்டவணையைக் கிழித்துப் போட்டேன். பலகை மட்டும் இருக்கிறது, மளிகை லிஸ்ட் எழுத.

அதற்குப் பிறகு மெதுவாகத்தான் கற்றுக்கொண்டோம். பல்லாங்குழியில் 14 குழி. எங்கள் வீட்டு முறைப்படி குழிக்கு ஐந்து, மொத்தம் 70 சோழி. ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, குழிக்காரருக்குச் சொந்தம். எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும், எங்கே பசு விழும் என்று சின்னவன் பாட்டியைத் தோற்கடிப்பதற்காகவே மனக்கணக்குப் போடுகிறான். வாய்ப்பாட்டு நோட்டுக்கு இந்த வேகம் வரவே இல்லை.

மூத்தவளுக்கு மின்சார மீட்டர். தினமும் சாயங்காலம் ரீடிங் எடுத்து எழுதுவாள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று நமக்கெல்லாம் தெரியும். 500ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழே இருக்கும் அடுக்குகளின் கணக்கே மாறுகிறது என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவள். போன மே மாதம் கடைசிப் பத்து நாள் எங்கள் வீட்டில் ஏசியை யார் போடலாம் என்று தீர்மானித்ததும் அவள்தான். சராசரி, சதவீதம், வரைபடம் எல்லாம் அதில் வந்துவிட்டது. இரண்டாம் மாடி மாமா தன் பில்லையும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்!

வேளச்சேரியில் இருக்கிறோம், பக்கத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2022இல் அதற்கு ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. ரோட்டோரம் நின்று நாமக்கோழியையும் தாழைக்கோழியையும் பிரித்துச் சொல்ல எனக்கு ஒரு குளிர்காலம் ஆனது. பிள்ளைகளுக்கு இரண்டு ஞாயிறு போதுமாக இருந்தது.

எல்லாமே விளையாட்டாக நடந்துவிடுகிறது என்று சொன்னால் அது பொய். றகர ரகரம், ழகர ளகரம், நீள் வகுத்தல் இதெல்லாம் உட்கார்ந்து எழுதித்தான் வரும். காலையில் முக்கால் மணி நேரம், முகம் சுளித்தாலும் உண்டு. அது முடிந்தால் நான் டீச்சர் இல்லை. அந்தக் கோட்டை நான் தாண்டினால் "அம்மா, மணி அடிச்சாச்சு" என்று சின்னவன் ஞாபகப்படுத்துவான்.

சட்டம் பற்றிக் கேட்கிறீர்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியைச் சொல்கிறது. வீட்டுக்கல்விக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. தேர்வுக்கு வழி இருக்கிறது. என்.ஐ.ஓ.எஸ் எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளி மத்திய அரசின் நிறுவனம். 14 வயது நிறைந்தால் அதில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஐந்து பாடங்களில் தேற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, ஐந்து வருஷ அவகாசம் உண்டு. மூத்தவளுக்கு அந்த வழிதான் யோசித்திருக்கிறோம். பள்ளிக்கே திரும்பப் போகிறேன் என்றால், அதற்கும் சரி.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள் இதைக் கேட்டு மனசு கஷ்டப்பட வேண்டாம். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் நாங்கள் செய்வதைச் செய்ய முடியாது. செய்தாலும் எல்லாக் குழந்தைக்கும் ஒத்துவராது. எங்கள் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஐந்து மணி வரை விளையாட ஆள் கிடையாது. பால்கனியில் நின்று ஸ்கூல் வேனுக்குக் காத்திருப்பது அவர்கள்தான். ஆனால் மீட்டரும் பல்லாங்குழியும் எல்லோர் வீட்டுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இரண்டு வேண்டுகோள். லிஃப்ட்டில் என் மகனைப் பார்த்தால் பதினேழாம் வாய்ப்பாடு கேட்காதீர்கள். காக்கா எத்தனை தினுசு என்று கேளுங்கள், பத்தாம் மாடி வந்தாலும் நிறுத்த மாட்டான்.

இன்னொன்று, நம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். மாசாமாசம் பராமரிப்புக் கட்டணத்தில் அதற்கும் கொடுக்கிறோம், உள்ளே என்ன நடக்கிறது என்று நம்மில் பாதிப் பேர் பார்த்ததில்லை. ஆபரேட்டர் அண்ணன் வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார். பத்துப் பேர் வரை வரலாம். பெரியவர்கள் இரண்டு பேர் கூட வர வேண்டும். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு அனுப்புங்கள். பெயரை செக்யூரிட்டி மேஜையில் இருக்கும் நோட்டில் எழுதினால் போதும்.