ஹீட்டர் சுவிட்ச்: மேலேயா, கீழேயா?

இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான். 3டி பிரிண்டரில் ஹீட்டரை ஆன்-ஆஃப் பண்ற மாஸ்ஃபெட்டை எந்தப் பக்கம் வைக்கணும்?

பெரும்பாலான போர்டுகளில் அது கீழே, அதாவது ஹீட்டருக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் இருக்கும். மலிவு, வேலையும் சுலபம். ஆனா ஹீட்டரில் 24 வோல்ட் எப்பவுமே வந்து நிக்கும். பிரிண்ட் ஹெட் ஓடி ஓடி, ஹீட்டரிலிருந்து மாஸ்ஃபெட்டுக்கு வர்ற ஒயர் தேயுதுன்னு வைங்க. கிரவுண்டோட இணைஞ்ச உலோக ஃபிரேமில் அது பட்டா போதும், மாஸ்ஃபெட் ஆஃப்ல இருந்தாலும் ஹீட்டர் முழு மூச்சில் எரியும். ஃபியூஸும் போகாது. ஏன்னா ஓடுறது வழக்கமான கரண்ட்தான். 40 வாட் ஹீட்டருக்கு சுமார் 1.7 ஆம்பியர்.

மாஸ்ஃபெட்டை மேலே, சப்ளை பக்கம் வெச்சா கதை மாறுது. கிரவுண்ட் ஒயர் ஃபிரேமில் பட்டா ஒண்ணும் ஆகாது. மேல் ஒயர் பட்டா, மாஸ்ஃபெட் ஆன் ஆகிற நொடியே ஷார்ட். ஃபியூஸ் போகும், ஹீட்டர் ஆறிடும். கெட்டுப்போறதா இருந்தா இப்படித்தான் கெட்டுப்போகணும்!

ஆனா இதுக்குக் கொஞ்சம் மெனக்கெடணும். பி-சேனல் மாஸ்ஃபெட்டோட சோர்ஸ் 24 வோல்டில் இருக்கு. அதை அணைக்க கேட்டும் 24-க்குப் போகணும். ஆர்டுயினோ பின் தர்றது 5 வோல்ட். நேரா மாட்டினா 0 கொடுத்தாலும் ஆன், 5 கொடுத்தாலும் ஆன். அதனால நடுவில் ஒரு சின்ன என்பிஎன் டிரான்சிஸ்டர். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையில் ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர். டிரான்சிஸ்டர் சும்மா இருந்தா இதுவே மாஸ்ஃபெட்டை அணைச்சு வைக்கும். டிரான்சிஸ்டரோட பேஸையும் ஒரு ரெசிஸ்டரால் கிரவுண்டுக்கு இழுத்துக் கட்டிடுங்க, போர்டு ரீசெட் ஆகும்போது ஹீட்டர் தானா எரியாது. கேட்டுக்கும் கலெக்டருக்கும் நடுவில் இன்னொரு 10 கிலோஓம். பல மாஸ்ஃபெட்டுகளில் கேட்-சோர்ஸ் எல்லை 20 வோல்ட்தான். இரண்டு ரெசிஸ்டரும் 24-ஐப் பாதியாக்கி 12 தரும்.

பிடபிள்யூஎம்முக்கு 20 கிலோஹெர்ட்ஸ் எல்லாம் வேணாம். 10 கிலோஓம் வழியா கேட் மாற பத்து, இருபது மைக்ரோசெகண்ட் பிடிக்கும்; 20 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுற்றே 50 மைக்ரோசெகண்ட்தான். மாஸ்ஃபெட் பாதி நேரம் அரைகுறையா திறந்திருந்து, ஹீட்டரோட சேர்ந்து அதுவும் கொதிக்கும். அலுமினியக் கட்டி மெதுவாத்தான் சூடாகும், மெதுவாத்தான் ஆறும். நொடிக்கு 10 தடவை போதும்.

இன்னொண்ணு. மாஸ்ஃபெட் செத்தா பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும். அப்போ மேலே வெச்சதும் உதவாது. வெப்பம் எல்லை தாண்டினா சப்ளையையே வெட்டுற தனி ரிலே வேணும். அதை அடுத்த எபிசோடில் பார்ப்போம்.