நடுக்கப்பல் அறை

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போகிறோம். பஸ்ஸில் கடைசி சீட் தூக்கித் தூக்கிப் போடும். நடு சீட்டில் உட்கார்ந்தவருக்கு அவ்வளவு அலுப்பு இல்லை. கப்பலும் அப்படித்தான்.

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டீலியா சொகுசுக் கப்பல் கிளம்பியது. அதுபோன்ற கப்பலில் சின்னப் பிள்ளைகளோடு போக ஆசையா? நடுப்பகுதியில் அறை கேளுங்கள். அதிலும் கீழ்த்தளம். முன்முனையும் மேல்தளமும் கூடுதலாக ஆடும், பிள்ளைக்குக் குமட்டும். நடுப்பகுதி, கீழ்த்தளம். அங்கேதான் ஆட்டம் குறைவு.

இன்னொன்று. பல அறைகளில் மூன்றாவது படுக்கை, சுவரிலிருந்து இறக்கிவிடும் மேல்படுக்கைதான். தூக்கத்தில் புரளும் குழந்தைக்கு அது ஆகவே ஆகாது. தொட்டில் தருவார்களா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.